தொண்ணூற்று மூன்றாவது வரி

என் வகுப்பில் தொண்ணூற்றிரண்டு பேர்.
ஒரு பெஞ்சில் ஐந்து. மழை நாளில் ஏழு,
ஜன்னலோரம் ஒழுகும் என்பதால்.
பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள்
கணக்குப் பாடத்தில் பாதி போய்விடும்.
கிசுமுவில், ஏரிக்காற்று திரும்பும் முனையில்,
பதினோரு வருடமாக இதுதான் என் வேலை.
கட்டணம் இல்லை என்று சுவரில் எழுதியிருக்கிறது.
காவலாளிக்கும் பரீட்சைத் தாளுக்கும்
நாங்கள் கேட்டு வாங்கும் காசை
எந்தச் சுவரிலும் எழுதவில்லை.

மகளுக்கு ஆறு வயதாகப் போகிறது.
கொடி சுற்றிப் பிறந்தவள், அதனால் அவினோ.
அவளை எங்கே சேர்ப்பது என்று
மூன்று மாதமாக, அவள் தூங்கிய பிறகு
தாழ்ந்த குரலில் சண்டை போட்டோம்.

ஒச்சோலா படகு எஞ்சின் பழுது பார்ப்பவன்.
பேச்சும் அப்படித்தான், திருகாணி திருகாணியாக:
"நீ சமைக்கிற கடையில் நீயே சாப்பிடமாட்டாய் என்றால்
ஊரார் பிள்ளைக்கு
எதைப் பரிமாறுகிறாய்?"

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்
தன் பிள்ளை தானே வளருமாம்.
வளரும்.
வாசிக்குமா?
என்னிடம் நான்காம் வகுப்பு முடித்துப் போன ஒருவன்
மருந்துச் சீட்டோடு வந்து நின்றான் போன வாரம்,
எத்தனை வேளை என்று படித்துச் சொல்லச் சொல்லி.

மிலிமானி மேட்டுப் பள்ளியில்
வகுப்புக்கு இருபத்துநான்கு. எண்ணினேன்.
எண்ணுவது எனக்குப் பழக்கம்.
கதவிடுக்கில் மறுபடி எண்ணினேன், இருபத்துநான்குதான்.
தாயின் தொழில் என்ன என்றாள் அலுவலகப் பெண்.
ஆசிரியை என்றேன்.
எந்தப் பள்ளி?
சொன்னேன்.
பேனா ஒரு நொடி நின்று, நகர்ந்தது.

அவினோவிடம் மீன் படத்தைக் காட்டினார்கள்.
ரெச் என்றாள், எங்கள் மொழியில்.
ஆங்கிலத்தில் சொல், வேறு பெயர் என்றார்கள்.
படத்தை இன்னும் கிட்டத்தில் பார்த்து,
தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு,
ம்புட்டா என்று திருத்தினாள்.
மீன் வகை கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
அதற்குத்தான் இன்னும் தூக்கம் வருவதில்லை.

அன்றிரவு பதிவேட்டைத் திறந்து
தொண்ணூற்று மூன்றாவது வரியில்
பென்சிலால் அவள் பெயரை எழுதினேன்.
நன்றாகத்தான் இருந்தது.
அழித்தேன்.
மறுநாள் போனில் பார்த்தால்
முதல் தவணைப் பணம் கட்டியாகிவிட்டது,
என் இரண்டு மாதச் சம்பளம்,
அனுப்பியவர் ஒச்சோலா.
அந்தக் கடைப் பேச்சை
அவன் அப்புறம் எடுக்கவே இல்லை.

காய்ந்த பொடிமீன் விற்கும் ரிஸ்பா மட்டும்
ஒருநாள் கூடையை இறக்காமலே கேட்டாள்:
"நீங்க இருக்கிற பள்ளிக்கூடம்னுதான
எம் பையனை இங்க போட்டேன் டீச்சர்?"
கோபமில்லை அதில். விசாரிப்பதுபோல் இருந்தது,
இன்றைக்கு மழை வருமா என்பதுபோல.
அரைக் கிலோ வாங்கினேன்,
வீட்டில் போன வாரத்து மீனே மிச்சமிருந்தும்.

ஜூனில் ஒரு புதுப் பிள்ளை வந்தது.
அழித்த இடத்தில் பெயர் எழுதினேன்.
தாள் அங்கே மெலிந்திருந்தது,
மை பரவியது.

இப்போது காலை ஏழேகாலுக்கு,
பிள்ளைகள் வாசல் பெருக்கும் நேரம்
மஞ்சள் பஸ் வேலியோரம் கடக்கும்.
துடைப்பங்களைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்:
"டீச்சர், உங்க பாப்பா! உங்க பாப்பா!"
வாரியலும் கையுமாக ஆட்டுவார்கள்,
புழுதி பஸ் உயரத்துக்கு எழும்பும்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னக் கை.
என் கையில் மணியடிக்கும் இரும்பு இருக்கும்,
அதைச் சாக்காக வைத்துக்கொள்வேன்.

இன்று ரிஸ்பாவின் மகன் ஒபியெரோ
மூச்சு வாங்கத் திரும்பி வந்து கேட்டான்:
"அவளுக்கு ஜன்னலோரம் இடமா டீச்சர்?"
ஆமாம் என்றேன்.
"பாவம்" என்றான்,
"மழை வந்தா என்ன செய்வா?"