பக்கம் 214

ரோவினா பால்ராஜின் வாழ்க்கை
முந்நூற்று நாற்பது பக்கம்.
அதில் கிருஷ்ணகிரிக்கு ஒரே வரி.

மாவட்ட நூலகத்தில் எடுத்தேன்.
மாங்கூழ் ஆலையில் இரவு ஷிப்ட் எனக்கு.
மணிக்கொரு தரம் கூழெடுத்து
இனிப்பு அளந்து நோட்டில் எழுத வேண்டும்.
ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில்
நாற்பது நிமிடம்
அவள் உயிரோடிருந்தாள்.

பிறந்தது கோலார் தங்கவயல்.
சுரங்கச் சங்கு என்ன சுருதி என்று
ஐந்து வயதில் சொன்னாளாம்.
பாடகர் வாழ்க்கை என்றால்
எப்படியும் ஒரு சங்கு ஊதிவிடுகிறது.
பதினெட்டில் பெங்களூர் ஓட்டல்களில் மேடை.
இருபத்துமூன்றில் முதல் கேசட்,
அட்டையில் ஆம்பளைச் சட்டை, மடித்துவிட்ட கை.
அண்ணன் சட்டையை அதேபோல் மடித்துப் போட்டு
நான் வாங்கிய அடி
நூலாசிரியருக்குத் தெரியாது.

பிறகு கடன். பிறகு ஒரு கணவன். பிறகு கடன்.
சிறுநீரகம், வேலூர், நாற்பத்தாறு வயது.
யார் யார் அழுதார்கள் என்பது மட்டும்
ஆறு பக்கம், படங்களோடு.

இருநூற்றுப் பதினாலில் நாங்கள்:
"கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில்
மழையால் நிகழ்ச்சி பாதியில் நின்றது."

ஓரத்தில் பென்சில், சாய்ந்த கையெழுத்து:
"மழையா? ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது.
அப்புறமும் பாடினார், மைக் இல்லாமல்."

பிசுபிசுத்த விரலை
சட்டென்று தாளிலிருந்து எடுத்தேன்.

நானும் அங்கிருந்தேன்.
ஒன்பதாவது வரிசை.
பரிசு வாங்கிய மல்கோவா, செந்தூரா எல்லாம்
பக்கத்துக் கொட்டகையில் நாலாம் நாளாய்
கனிந்து, கனத்து, நாறத் தொடங்கியிருந்தன.
இருட்டு. விசில்.
டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்று ஒரு குரல்.
எவனோ ஒருத்தன் மொபெட்டைக் கூட்டத்துக்குள் ஓட்டிவந்து
விளக்கை மேடைமேல் திருப்பினான்.
அந்த மஞ்சள் வட்டத்தில்
அவள் வாய் திறந்தது, மூடியது.
கழுத்து நரம்பு புடைத்தது.
கண்ணை மூடிக்கொண்டாள்.
எனக்கு மொபெட் மட்டும்தான் கேட்டது.

இருபத்தைந்து வருஷமாய்
கேட்டேன் என்றுதான் சொல்லிவருகிறேன்.
கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரிடம்.
பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டிலிடம்.
லேப் பசங்களிடம்.
என்ன பாட்டு என்று கேட்டவர்களுக்கு
ஆளுக்கொரு பாட்டு சொன்னேன்.

அன்றைக்கு மூன்று மணிக் கூழை எடுக்கவில்லை.
இரண்டு மணிக் கணக்கையே
மறுபடி எழுதிவைத்தேன்.

இதற்கு முன்னால் யார் எடுத்தது என்று
திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன்.
"பேரெல்லாம் சொல்லக்கூடாதும்மா."
பிறகு பதிவேட்டைப் புரட்டி,
"நாலு பேர்" என்றார் நூலகர்,
ஏதோ நாலாயிரம் பேர் என்பதுபோல.
அவர் மேசையிலிருந்த பென்சிலையே கேட்டு வாங்கி
அவர் கண்ணெதிரில் எழுதினேன்.
தடுக்கவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.
"ஒன்பதாவது வரிசைக்கு
மொபெட் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.
நீங்கள் முன்வரிசையா? என்ன பாட்டு?"

சீசன் முடிந்து ஆலைக்குப் பூட்டு விழுந்தது.
கூலிப் பாக்கிக்கு நடந்த ஒரு நாள்
பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் நூலகத்துக்குள் போனேன்.
புத்தகம் இடம் மாறி
சமையல் குறிப்புகளுக்கு நடுவில் நின்றது.

பக்கம் இருநூற்றுப் பதினாலு.
சாய்ந்த கையெழுத்து பதில் சொல்லவில்லை.
அடியில் நீல மை, வேறு கை,
கொட்டைக் கொட்டை எழுத்து:

"மொபெட் என்னுடையது.
ஆஃப் பண்ணினால் லைட்டும் போயிடும்."