பத்தொன்பது ஒன்றுகள்

தடைக்கம்பம் இறங்கிவிட்டது.
இனிப் பனிவாரி வண்டி திரும்பும்வரை
நானும் என் லாரியும் பன்னிரண்டு டன் காட் மீனும்
வரங்கர் மலையடியில் நிற்க வேண்டியதுதான்.

ஹெர்போர்க் கண்ணாடியைத் தட்டினாள்.
சாலைத்துறை மஞ்சள் சட்டை, கையில் ஃபிளாஸ்க்.
"வளைவுவரை எத்தனை கம்பம், பார்."
சாலை எங்கே முடிகிறதென்று
பனிக்குள் வண்டிகளுக்குச் சொல்ல நட்டவை.
பத்தொன்பது என்றேன்.
"எண்ணாதே. வாசி."

1111111111111111111

ஒன்பது ஒன்றை அதனாலேயே பெருக்கினால்
ஏறி இறங்கும் படிக்கட்டு வருமே,
12345678987654321,
அதுதானே என்றேன், பள்ளிக்கூடப் பெருமையோடு.
"அது பிள்ளைகளின் சறுக்குமரம்.
பத்தாவது ஒன்றைச் சேர்த்துப் பெருக்கு.
ஏறும்போது எட்டைக் காணோம்,
உச்சியில் இரண்டு சுழியம்."

முதலில் பதினேழுதான் நட்டிருந்தாளாம்.
அதை உடைக்கக் கிளம்பினாள், பென்சிலோடு.
முப்பத்து நான்கால் வகுத்து ஒன்று மிஞ்சும் எண்ணுக்குத்தான்
அந்த வீட்டில் நுழைய யோக்கியதை.
103, 137, 239, 307
ஒவ்வொன்றாய்த் தட்டினாள்,
தடைக்கம்பம் இறங்கிய இரவுகளில்,
கணவன் டோர்லைவ் பனி வாரப் போன இரவுகளில்,
பனி வாரப் போகிறேன் என்று
வாட்ஸோவில் வேறொரு வீட்டில் அவன் தங்கிய இரவுகளில்.
ஒன்பது குளிர்காலம், பதினான்கு நோட்டு.
அறுபதாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் படியில்
கதவு திறந்தது.

2071723
அந்தப் பக்கம்
5363222357
மிச்சம் எதுவுமில்லை.

"சந்தோஷப்படவில்லையா?"
"ஒரு வாரம் சாப்பிடவில்லை.
வெளியே பார்த்தால் ஒன்றுபோல ஒன்று நிற்கிறது.
உள்ளே இரண்டு பங்கு,
அதுவும் சமமில்லாத பங்கு."

பதினெட்டு ஆகாது.
மூன்றும் ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும்
வாடகை தராமல் குடியிருக்கும் அதில்.
கிடங்கில் கெஞ்சி இரண்டு கம்பம் வாங்கி வந்தாள்.
பத்தொன்பதை உடைத்துப் பார்க்க ஆயுள் காணாது,
டிரோம்ஸோவில் கணினி வைத்திருந்த ஒருவருக்கு எழுதினாள்.
ஒரே வரியில் பதில்:
பகா எண், அம்மணி. விட்டுவிடுங்கள்.

"ஈவு இரக்கமில்லாதது," என்று சிரித்தாள்.
காப்பியை எனக்கும் ஊற்றினாள்.

போன ஜனவரியில் டோர்லைவின் வண்டி
இரண்டை ஒடித்துப் போட்டதாம்.
இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டான்,
கம்பங்களுக்காக.
அன்றிரவே மாற்றிவிட்டாள், மூக்கு மரத்துப்போகும் காற்றில்.
பதினேழோடு விடிவதை
அவள் பார்க்க விரும்பவில்லை.

மலைமேல் ஆரஞ்சு விளக்கு சுழன்றது.
தடைக்கம்பம் எழுந்தது.
பனிவாரியின் பின்னால் வரிசையாய் ஊர்ந்தோம்.
சத்தமாகவே எண்ணிக்கொண்டு போனேன்.

வளைவில் எனக்குப் பதினெட்டுதான் வந்தது.
ஒன்றைப் பனி மறைத்திருக்கும்.
நிறுத்திப் பார்க்க வழியில்லை,
பின்னால் எட்டு வண்டி.