வலது பக்கம்

பிரேக் தி ஐஸ் என்று
எப்சிபா மேடம் போர்டில் எழுதியதும்
எனக்குக் கொஞ்சம் பெருமையாகிவிட்டது.
அந்த மாடியில் எனக்குத் தெரிந்த ஒரே தொழில்.
ராத்திரி ரெண்டு மணிக்குக் காசிமேட்டில்
பாளத்தைக் கொக்கி போட்டு இழுத்து
மிஷினுக்குள் தள்ளி
பொடியைக் கூடையில் அள்ளி
போட்டில் ஏற்றுகிறவன் நான்.

அது இல்லையாம்.
முன்பின் தெரியாதவர்கள் நடுவே
இறுகிக் கிடக்கும் மௌனத்தை
யாராவது ஒருத்தர் பேசிக் கலைப்பதாம்.
அவர்கள் ஊரில் ஐஸ் உடைத்தால் சிநேகம்.
எங்கள் ஊரில் ஐஸ் வைத்தால்
ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது.

சூரியநாராயணா தெரு, அடகுக்கடைக்கு மேல்.
பதினோரு பேர். மாதம் எண்ணூறு.
எறால் கம்பெனி சூப்பர்வைசர் வேலைக்கு
இங்கிலீஷ் பேசத் தெரியணும் என்று போட்டிருந்தான்;
அதனால் நாற்பத்தொரு வயதில் பெஞ்சு.

நோட்டை நடுவே கோடு போட்டுப் பிரித்தேன்.
இடது பக்கம் மேடம் சொன்ன அர்த்தம்.
வலது பக்கம், அது இங்கே வந்தால் என்னாகிறது என்று.

கோல்டு ஃபீட்:
கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது.
எனக்கு வருஷம் பூரா இருக்கிறது.
பயமில்லை, பூட்ஸில் ஓட்டை.

மிஸ் தி போட்:
வந்த வாய்ப்பைக் கோட்டை விடுவது.
நாகூரான் ஒருநாள் குடித்துத் தூங்கி
நிஜமாகவே விட்டான்.
அந்த போட் திரும்பி வரவில்லை.
பாலத்தடி டீக்கடையில் தினமும் அவனைப் பார்க்கலாம்.
யாரும் அதைப் பற்றி அவனிடம் பேசுவதில்லை.

ஒரு கை ஒரு கால் என்றால் கொள்ளை விலையாம்.
அன்றைக்குத்தான் முதல் தடவை எழுந்து கேட்டேன்:
"மேடம், ரெண்டு விரலுக்கு எதுனா இருக்கா?"
சிரித்தார்கள்.
தேசப்பனிடம் மிஷின் எடுத்துக்கொண்டது ரெண்டு.
முதலாளி இருபத்தைந்தாயிரமும்
ஒரு ஸ்வீட் பாக்ஸும் கொடுத்தனுப்பினார்.
அதை நான் சொல்லவில்லை.
மேடம் நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு
"இல்லையே" என்றார்.
அந்த வரிக்கு நேரே வலது பக்கம் காலி.

மூன்றாவது வாரம், ஸ்மெல்ஸ் ஃபிஷி.
எழுதிவிட்டு மேடம் திரும்பவே இல்லை,
மார்க்கருக்கு மூடி தேடிக்கொண்டிருந்தார்.
மிச்சம் பத்துப் பேரும்
என்னைப் பார்க்காமலிருக்க
என்ன பாடுபட்டார்கள்.
ரெண்டு தரம் சோப்பு போட்டுத்தான் வருகிறேன்.
இருந்தாலும் என் பெஞ்சில் நான் மட்டும்தான்.
ஃபேன் சுற்றுகிற சத்தம். கீழே ஷட்டர்.
நானே வாயைத் திறந்தேன்:
"இன்னா மேடம் இது, நல்ல மீனு நாறாது.
செவுளைத் தூக்கிப் பாரு, செவப்பா இருந்தா
கண்ண மூடிக்கினு வாங்கலாம்.
நாறுச்சின்னா அது நேத்து மீனு."

முதலில் ரஹ்மத்நிஷா.
அப்புறம் மாடியே சிரித்தது.
மறுநாள் அவள் பையை என் பெஞ்சில் வைத்துவிட்டு
சங்கராவுக்கும் செவுள்தானா,
இல்லை கண்ணைப் பார்க்கணுமா என்று கேட்டாள்.
கண்ணும்தான் என்றேன். இங்கிலீஷில்.
பாதி இங்கிலீஷில்.

நேற்று துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் கூண்டு.
ஒரு போட்டும் போகவில்லை.
ஐஸ் கேட்க ஆளில்லை.
சாக்குக்குள் பாளங்கள் தாமாகக் கரைந்து
வாசல் தண்ணீரோடு போகின்றன,
கூடவே என் ரெண்டு நாள் கூலி.
தெருவில் முழங்கால் அளவு.
வகுப்புக்கு வர முடியாது என்று சொல்ல
நோட்டைத் தேடி, ஸ்பெல்லிங் பார்த்து அனுப்பினேன்:
ஐ ஆம் அண்டர் தி வெதர்.
இடது பக்கம்: உடம்பு சரியில்லை.
ஜன்னலுக்கு வெளியே
ஜீவரத்தினம் நகர் மொத்தமும்
அதற்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தது.

உடனே பதில் வந்தது.
"அச்சச்சோ, மாத்திரை போட்டீங்களா?"
உடம்புக்கு ஒன்றுமில்லை மேடம் என்று அடித்தேன்.
அழித்தேன்.
போட்டேன் மேடம்.