பின்னோக்கி வந்த கப்பல்

கமாண்டர் உரெஹோலா அன்றிரவு என்ன ஆணையிட்டார்
என்று கேட்கிறீர்கள்.
சுக்கான் பிடித்தவன் நான்.
காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறேன்.

பேனாஸ் வளைகுடா. ஜூலை, நடுக்குளிர்.
அந்தப் பெயருக்கு வருத்தங்கள் என்று பொருள்,
உங்களுக்கும் தெரியும்.
வரைபடத்தில் இல்லாத பாறை ஒன்று
'அலெர்சே'யின் மூக்கைப் பெயர்த்தது.
பெரிய சத்தமில்லை.
துணிமூட்டையைப் படிக்கட்டில்
உருட்டிவிட்டது போல.

முன்னறையில் உறங்கிய
ஓயார்சோவும் மன்சில்யாவும்
எழவே இல்லை.

இரண்டாம் தடுப்புச்சுவர் மூச்சுவிடத் தொடங்கியது.
வீங்கும், தணியும், மறுபடி வீங்கும்.
தச்சன் கிதெல் அதில் உள்ளங்கை வைத்துப் பார்த்து
முட்டுக்கொடுக்க மரம் போதாது என்றான்.
"என் அறைக்கதவை எடு" என்றார்.
பிறகு கட்டிலை.
பிறகு, அதிகாரிகள் மட்டுமே உண்ணும் நீள மேசையை.
முதன்முறையாக அந்த மேசையில் நாங்களும்
கை வைத்தோம், ரம்பத்தோடு.

ஏணிப்படியில் ஒரு லெப்டினன்ட்
கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.
பெயர் வேண்டாம், சின்னப் பையன்.
"கையை எடு. கப்பல் இன்னும் கவிழவில்லை"
என்றார், கத்தாமல்.
போகிறபோக்கில் அவன் கையில் ஒரு சுத்தியலைத் திணித்தார்.

அப்புறம்தான் அந்த ஆணை:
"பின்னால் போ."
தவறாகக் கேட்டேன் என்று நினைத்து
மறுபடி கேட்டேன்.
"முன்னால் போனால் கடல்தான் அந்தச் சுவரை இடிக்கும்.
முதுகைக் கொடு அதற்கு."

மணிக்கு மூன்று கடல்மைல்.
இருபத்திரண்டு மணி நேரம்.
பின்னால் தள்ளும்போது மாடு எப்படி முரண்டு பிடிக்குமோ
அப்படித்தான் சுக்கானும்.
வலத்தே திருப்பினால் யோசித்து, யோசித்து
தனக்குத் தோன்றிய பக்கம் போகும்.
அவர் பின்தளத்தில் மழையில் நின்றார்
கையில் தொலைபேசி.
குரல் மட்டும் எனக்கு வந்துகொண்டிருந்தது:
கொஞ்சம் இடது. இன்னும் கொஞ்சம். ஆங்.

விடிகாலையில் பாரியா சூப் கொண்டுபோனான்.
உப்புக் குறைவு என்று திட்டினாராம்.
சுற்றிலும் உப்பு. கப்பலுக்குள்ளும் உப்பு.
செய்தி கீழ்த்தளம்வரை இறங்கியது.
பிழைத்துவிடுவோம் என்று
அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

புறமுதுகிட்டு வந்த கப்பல் என்று
துறைமுகத்தில் யாரோ சிரித்தார்கள்.
நூற்று நாற்பத்தோரு பேர்
அந்த முதுகின் மேல் நின்று கரையைப் பார்த்தோம்.
முன்னறையில் இருவர், நீருக்குள்,
அவர்களும்தான் வந்து சேர்ந்தார்கள்.
நீரை இறைத்ததும்
முதலில் இறங்கியவர் அவர்.

சேதப் பட்டியலில் 'கதவு, ஒன்று' என்று இருக்கிறது.
அறுத்தது யார் ஆணையில் என்கிறீர்கள்.
சொல்லிவிட்டேன்.

அதன்பின் அந்த அறைக்குக் கதவில்லை.
இரவுக் காவலுக்குப் போகையில் பார்த்தேன்.
தரையில் உட்கார்ந்து
முழங்காலில் பலகை வைத்துக் கடிதம் எழுதினார்.
ஒன்று முடிந்து மடித்திருந்தது.
மற்றதில்
திருமதி மன்சில்யா அவர்களுக்கு என்பதோடு சரி.
திரும்பி வருகையிலும்
அவ்வளவுதான் இருந்தது.