களிம்பு

ஊசிமுனை அளவுதான் அக்கா என்றார் பிறிற்றோ.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி போட்டுக்கொண்டு காட்டினார்:
செப்புக் குழாயின் வளைவில் ஒரு பச்சைப் பொட்டு.
அதன் நடுவே வியர்வைபோலத் திரண்டு
விழ மனமில்லாமல் நிற்கிற துளி.

முப்பத்தேழு வருசக் குழாய்.
இதை அடைச்சால் பக்கத்தில இன்னொண்டு வரும்.
வெட்டியெடுத்த துண்டை
என் உள்ளங்கையில் வைத்தார்.
வெளியே புதுக்காசின் நிறம்.
உள்ளே விரலை விட்டேன்,
பச்சை ஒட்டிக்கொண்டது.

செம்பிற் களிம்புபோல என்று
எட்டாம் வகுப்பில் பாடமாக்கிச்
சமயத்துக்குத் தொண்ணூறு வாங்கியவள் நான்.
செம்பு தோன்றிய அன்றே
களிம்பும் கூடத் தோன்றியதாம்.
பொருள் விளங்கவில்லை அப்போது.
புள்ளி கிடைத்தது.

குசினித் தரையின் ஓரம்
லேசாகப் பொங்கியிருந்ததைத்
தை மாதமே கண்டேன்.
ஏஜாக்ஸில் பனி முழங்கால்மட்டும் கிடந்த கிழமை,
வீட்டுக் கடனின் வட்டி ஏறிய கிழமை.
கால்மிதியை இழுத்து
அதன்மேல் போட்டுவிட்டு
தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன்.

பேஸ்மென்ற்றில் குலேந்திரன் இருக்கிறார்.
பாண் தொழிற்சாலையில் இரவு வேலை.
இன்றுதான் அவருடைய அறைக்குள் போனேன்.
மேற்பலகை
தேநீரில் தோய்த்த பிஸ்கற்போலத் தொங்கியது.
கட்டில் சுவரோரம் நகர்ந்திருந்தது.
கட்டில் இருந்த இடத்தில் ஒரு சோற்றுப் பானை,
பானைக்குள் மடித்துப் போட்ட துவாய்,
விழுகிற சத்தம் மேலே கேட்காமல் இருக்க.

எத்தனை நாளா?

மூண்டு கிழமை.

ஏன் எனக்குச் சொல்லேல்லை?

இரண்டு மாத வாடகை நிற்குது.
எந்த முகத்தோட வந்து சொல்ல?

நான் அவருடைய செருப்பைப் பார்த்தேன்.
அவர் என்னுடையதை.

இன்சூரன்ஸ் பெண்ணுக்குத் தேன் குரல்.
திடீரென்று உடைந்ததா,
நாட்பட்டுக் கசிந்ததா என்கிறாள்.
முதலாவதுக்குக் காசு வரும்,
மற்றதுக்கு ஒரு சதமும் வராது என்று
பிறிற்றோ முன்னமே காதில் போட்டிருந்தார்.
இப்போது அவர் பெட்டிக்குள்
ஏதோ தேடுவதுபோலத் தேடிக்கொண்டிருக்கிறார்.
குலேந்திரன் படியில் நிற்கிறார்,
பானையை இரண்டு கையாலும் பிடித்தபடி.

இருக்கிறீங்களா, என்கிறது குரல்.

இருக்கிறேன்.

நேற்று, என்றேன்.
நேற்று இரவு, திடீரென்று.

பானைத் தண்ணீர் ஒருதரம் அசைந்து அடங்கியது.

கையில் பச்சை.
சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு
குழாயைத் திறந்தேன்.
ஒருமுறை இருமிவிட்டு
வெறுங்காற்றைத் தந்தது.
பிறிற்றோ பெரிய வால்வைப் பூட்டிவிட்டது
நினைவில் இல்லை.

நுரையோடு திரும்பினேன்.
குலேந்திரன் பானையைச் சரித்தார்.

கழுவுங்கோ அக்கா.