தலைக்கணக்கு

தொம்மு ஏரிக்குக் கட்டன் சாயா நிறம்.
நூறாண்டுப் பாசி ஊறி இறங்கிய சாறு.
முழங்கை வரை உள்ளே விட்டால்
விரல் தெரியாது.
அதனால் இங்கே தேடுவதை நம்புவதில்லை,
எண்ணுவதைத்தான்.

காலை ஆறு நாற்பதுக்கு உர்வே எண்ணினாள்.
வேண்டிய கயாக் பதினாலு, இருப்பது ஒன்பது.
தார்த்துவிலிருந்து வரவேண்டிய வேன்
வழியில் எங்கோ வாயைத் திறந்துகொண்டு நிற்கிறதாம்.
நீந்த வந்தவர்கள் முந்நூற்றெட்டுப் பேர்.

"கடைசி இரண்டு மிதவையையும் கழற்றுங்கள்" என்றாள்.
மூன்று கிலோமீட்டர் ஒன்றரை ஆனது.
ரிகாவிலிருந்து நாலு மணி நேரம் ஓட்டிவந்த ஒருவர்
ரப்பர் உடைக்குள் வியர்த்தபடி கேட்டார்:
"போன வருஷம் யாராவது செத்தார்களா?"
"இல்லை. பதினாலு கயாக் இருந்தது."

எனக்கு ஏழாம் எண். நாணல் பக்கம்.
கையசைப்பவனை அப்புறம் பார், என்று சொல்லியிருந்தாள்,
அவனிடம் இன்னும் மூச்சு இருக்கிறது.
சத்தமே இல்லாமல்
இல்லாத ஏணியில் ஏறுகிறவனைப் பார்.

நான் பார்த்தது
கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்த ஒரு பெண்ணை.
கயாக்கின் மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள்,
அழுததற்கு மன்னிப்புக் கேட்டாள்,
துடைத்து மாட்டிக்கொண்டு போனாள்.
இரண்டு நிமிடம் இருக்கும்.
அந்த இரண்டு நிமிடம் என் நாணல் பக்கத்துக்கு
ஆளில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டோம்.
முந்நூற்றெட்டு போட்டு
முந்நூற்றேழு எடுத்தோம்.

பாட்டை நிறுத்தினார்கள்.
பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி ஷூ,
காலுறை சுருட்டி உள்ளே வைத்தபடி.
ஒன்பது கயாக்கும் வரிசை கட்டி
நாணல் ஓரமாகத் திரும்ப நகர்ந்தோம்.
என் துடுப்பின் நிழலையே
இரண்டு தடவை கை என்று நினைத்தேன்.

பதினோரு நிமிடம்.

தார்மோ சவுனா கூடாரத்தில் இருந்தான்.
பாதியில் குளிர் எடுத்ததாம்,
நாணல் வழியாகக் கரையேறி நேரே வந்துவிட்டானாம்.
கணுக்காலில் கட்டிய சில்லு
வாளித் தண்ணீரில் கிடந்தது.

உர்வே சேற்று பூட்ஸோடு உள்ளே போனாள்.
திட்டுவாள் என்று எல்லாரும் வாசலில் நின்றோம்.
"எண்ணைச் சொல்."
"இருநூற்றுப் பதிமூன்று."
"இன்னொரு தடவை."
சொன்னான்.
தாளில் ஒரு கோடு போட்டாள்.
ஆவியில் மை பரவி
பக்கத்து எண்ணையும் நனைத்தது.

சாயங்காலம் நாலரைக்கு
ஐந்து கயாக்கைத் தலையில் சுமந்துகொண்டு
தார்த்து வேன் வந்து சேர்ந்தது.
"இறக்கட்டுமா?" என்றான் ஓட்டுநர்.
உர்வே ஒவ்வொன்றாகத் தொட்டு
ஐந்து வரை எண்ணிப் பார்த்துவிட்டு
வேண்டாம் என்றாள்.