கூடுதல் மூன்று கிலோமீட்டர்

"ஏசி ஓடாது சார், கடல்காத்து ஓடும்"
கண்ணாடியை இறக்கிவிட்டார் சீனி உதுமான்.
ராமநாதபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலிநோக்கம்.
இரவு ரயிலின் எரிச்சல்
இன்னும் என் கண்ணில்.

உப்பளத்துத் தராசுகளுக்கு
முத்திரை குத்தப் போகிறேன் என்றேன்,
அவ்வளவுதான்.
"விடியக்காலம் பிடிச்ச மீன்
மத்தியானம் எடை குறையுதே,
அது தராசு குத்தமா, வெயில் குத்தமா?"

கீழக்கரை தாண்டும்வரை யோசித்தோம்.
வெயில் என்றேன் நான்.
மச்சான் என்றார் அவர்.
ஏலக்கடையில் தராசு பிடிப்பது
அவர் மச்சானாம்.
சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது.

தம்மாமில் பதினோரு வருஷம் ஓட்டியவர்.
"பின்சீட்டுல ஆள் இருக்கும்,
வண்டி காலியாத்தான் போகும்."
அதன்பிறகு கொஞ்சநேரம்
உடைமரங்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

நான்தான் ஆரம்பித்தேன்:
"கருவாட்டுக்கு மட்டும் எப்படி எடை கூடுது?"
"அப்படிக் கேளுங்க!"
ஸ்டியரிங்கில் ஒரு தட்டு.

சாயல்குடி என்று பலகை வந்தபோதுதான்
திருப்பத்தை விட்டது தெரிந்தது.
"இந்த மூணு கிலோமீட்டருக்குக் காசு வேணாம்,
பேசுனது நான்."
கேட்டது நானில்லையா என்று
பர்ஸைத் திறந்தேன்.

"மணல் சார், மணல்" என்றார்.
அவர் இன்னும்
கருவாட்டில் இருந்தார்.